பச்சை அம்புக்குக் காவல்

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பட்டென்று மின்சாரம் நின்றது. பின்னறையிலிருந்து மாமா வந்தார். ஓடி வரவில்லை. அவர் எதற்கும் ஓட மாட்டார். நிலைப்படியில் நின்றுகொண்டு அத்தையிடம், "எதைச் சொருகினே?" என்று கேட்டார்.

"இஸ்திரிப் பெட்டி."

"எந்த பிளக்குல?"

"சுவத்துல இருக்கற பிளக்குலதான். வேற எங்க சொருகுவாங்க, கூரையிலயா?"

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. "இனிமே வாலட் திறக்க ராத்திரி ஒன்பது மணி ஆகும்," என்றார்.

அத்தை தன் கையிலிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "உங்க சட்டையைத்தாங்க தேய்ச்சேன்."

"கசங்கின சட்டையோடயே போயிருப்பேனே."

"ஒரு சட்டைக்குப் பதினோரு மணி நேரமா?"

"சட்டைக்கு இல்லை. வாலட்டுக்கு."

அத்தை சட்டையை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உன்னை எதுக்கு ரெண்டு பாஷை படிக்க வெச்சோம்? இப்ப நடந்ததை அப்படியே இங்கிலீஷ்ல எழுதி, அந்த வாலட்டைச் செஞ்ச ஆந்தைக்கு அனுப்பு. பொண்டாட்டி இஸ்திரி போட்டா பதினோரு மணி நேரம் கடை மூடிடுமாம், இது எந்த ஊர் நியாயம்னு கேளு."

மாமா யோசித்துவிட்டு, "இஸ்திரியெல்லாம் எழுத வேண்டாம். கரண்ட் போச்சுன்னு மட்டும் எழுது," என்றார்.

எழுதினேன். அன்று பிடித்த சனி மூன்று வருடம் என்னை விடவில்லை. இரண்டு மொழி தெரிந்த பெண் குடும்பத்தில் ஒருத்தி இருந்தால் போதும், "ரெண்டே வரிதானே" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் ஏதாவது ஒரு காகிதத்தோடு வருவார்கள். மற்றவர்கள் வங்கிக் கடிதத்தையோ மருந்துச் சீட்டையோ கொண்டுவருவார்கள். மாமா கொண்டுவந்தது ஒரு கிரிப்டோ காயினை.

மாமா என்றால் அத்தையின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே தோல்பை. அந்தப் பையின் காது இரண்டு முறை அறுந்து, இரண்டு முறையும் லிஃப்ட் கம்பியின் துண்டால் கட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் நுழைந்தாலும் உள்ளங்கையைச் சுவரில் பதித்து, கண்ணை மூடாமல், ஆனால் எதையும் பார்க்காமல் நிற்பார். கூட வருபவர்கள் அவருக்குத் தலைசுற்றல் என்று நினைப்பார்கள். பழுது பார்த்து முடித்தபின், மேலே கீழே மூன்று தடவை தானே போய் வராமல் "சரியாயிடுச்சு" என்ற வார்த்தையை வாயிலிருந்து விடமாட்டார். இரண்டு தடவை போதாதா என்று ஒருமுறை கேட்டேன். ரெண்டு தடவை அதிர்ஷ்டத்திலும் ஓடும் என்றார்.

அவர் காயினில் விழுந்ததும் ஒரு லிஃப்டால்தான். ஓர் அலுவலக மேலாளர் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். மாமா வெளியில் நின்று வேலை பார்த்தபடியே, உள்ளே இருப்பவர் பதறாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார். அந்த மனிதர் கதவு இடுக்கு வழியாகத் தன் முதலீடுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காயினை வாங்கி விற்காமல் ஒரு கணினியில் வாலட் என்ற மென்பொருளுக்குள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணினியை எப்போதும் ஓடவிட வேண்டும். அது அந்தக் காயினின் பொதுவான பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலையில் மற்ற கணினிகளோடு சேர்ந்து பங்கெடுக்கும். கூலியாக அவ்வப்போது ஒரு காயின் வந்து விழும். இதற்கு ஸ்டேக்கிங் என்று பெயர்.

வாழ்க்கை முழுக்க ஓடுகிற பொருளை நிற்காமல் பார்த்துக்கொண்டே இருந்த மனிதருக்கு, நிற்காமல் ஓடினாலே கூலி என்ற பேச்சு எவ்வளவு இனித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. மேலாளர் மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு நிலம் வாங்கப் போய்விட்டார். மாமா அப்போதுதான் ஐம்பதாயிரம் காயின் வாங்கி முடித்திருந்தார். பயந்துவிட வேண்டாம். அது அவ்வளவு மலிவான காயின். ஒரு லட்சம் சேர்த்தாலும் ஒரு நல்ல ஃப்ரிட்ஜ்தான் வரும். அத்தைக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து அவள் காயினை "ஃப்ரிட்ஜ்" என்றுதான் சொல்வாள். "ஃப்ரிட்ஜுல பாதி வந்தாச்சா?"

பின்னறை ஒரு காலத்தில் அவர்கள் மகளின் அறை. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் கட்டில் போய் மேசை வந்தது. மேசை மேல் மூடாத மடிக்கணினி ஒன்று. கணினியின் அடிவயிற்றுக்கு நேராக ஒரு மேசை விசிறி. கணினியின் பேட்டரி செத்து ஐந்து வருடம். புதிது மாற்றலாமே என்றால், ஓடுகிற மெஷினைத் திறக்கக் கூடாது என்பார். சுவிட்சின் மேல் கறுப்பு டேப். டேப்பின் மேல் ஒரு சீட்டு: "தொடாதே". அந்தச் சீட்டின் கீழே அத்தை பென்சிலால், "தொட்டால் அழும்" என்று எழுதியிருந்தாள். திரையின் வலது கீழ்மூலையில் ஒரு சிறிய அம்பு. வாலட் திறந்து, இணைப்பு இருந்து, ஸ்டேக்கிங் நடந்துகொண்டிருந்தால் அது பச்சை. இல்லையென்றால் சாம்பல்.

அந்த வீட்டின் சட்டங்கள் எல்லாம் அந்த அம்பிலிருந்து பிறந்தவை. மிக்சியும் இஸ்திரியும் சேர்ந்து ஓடக் கூடாது. மோட்டார் போடும்போது விளக்குகளை அணைக்க வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். "என் சக்களத்திக்கு மின்விசிறி, எனக்குக் கைவிசிறி," என்று அத்தை வருகிறவர்களிடம் அறையைக் காட்டுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஆறு வருடமாக அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாளுக்கு மேல் வெளியூர் போனதில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அத்தை மட்டும் போனாள். பேத்திக்குப் பதினான்கு மாதம் ஆகியும் மாமா அவளை போனில்தான் பார்த்திருந்தார். பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போனால் வந்துவிடும் ஊர். மகள் ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "அப்பாவுக்கு நான் மூத்த பொண்ணு, அந்த அம்பு கடைக்குட்டி. கடைக்குட்டியை விட்டுட்டு எப்படி வருவாரு?"

மாமா இதற்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். லட்சம் காயின் ஆன அன்றைக்கு அணைத்துவிட்டுக் கிளம்புவதாக. அத்தை அதை நம்பிக்கொண்டிருந்தாள். நான்தான் ஒரு நாள் வேலையற்றுப்போய்க் கணக்குப் போட்டேன். அப்போது இருந்தது ஐம்பத்தெட்டாயிரம். ஒரு நாளைக்கு விழுவது நாலு. மீதி விழ இருபத்தெட்டு வருடம் சொச்சம். இதைச் சொன்னதும் மாமா, "போகப் போக ஏறும்மா," என்றார். அத்தை, "அதுக்குள்ள பேத்திக்கே குழந்தை பொறந்துடும். ஒரே டிக்கெட்டுல ரெண்டு தலைமுறையைப் பாத்துட்டு வரலாம்," என்றாள்.

ஆந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காயினின் மென்பொருளை எழுதுகிறவர்கள் முதலில் ஐந்து பேர் இருந்தார்களாம். நான் வந்தபோது இரண்டு பேர். பிறகு ஒருவர் குடும்பக் காரணம் என்று போய்விட, மிஞ்சியது ஒருவர். படமாக ஓர் ஆந்தையை வைத்திருந்தார். ஆணா பெண்ணா, எந்த நாடு, எந்த வயது, எதுவும் தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டு ஒரு நீளமான குறிப்பு எழுதுவார். மாமா அதை எனக்கு அனுப்புவார். நான் தமிழில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குறிப்பும் ஒரே மாதிரி இருக்கும். முன்பு கண்ட பிழைகள் சரிசெய்யப்பட்டன. வாலட் இனி வேகமாகத் திறக்கும். மொபைல் வாலட் அடுத்த காலாண்டில் வரும். எல்லோரும் கட்டாயம் இந்தப் பதிப்புக்கு மாற வேண்டும். நான்கு வருடமாக அந்த அடுத்த காலாண்டு வந்துகொண்டே இருக்கிறது.

வேகமாகத் திறக்கும் என்பதை நம்பி மாமா ஒருமுறை மாற்றிப் பார்த்தார். பதினோரு மணி நேரம் என்பது பத்து மணி ஐம்பது நிமிடம் ஆனது. ஆந்தைக்கு எழுதிக் காரணம் கேட்டேன். ஒரு நாளில் பதில் வந்தது. உங்கள் மாமாவின் காயின்கள் ஒன்பதாயிரம் சின்னத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொரு தடவையும் வாலட் ஒன்பதாயிரத்தையும் எடுத்துப் பார்க்கிறது, எல்லாவற்றையும் தனக்குத் தானே அனுப்பி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை என்று. மூட்டை நிறையச் சில்லறை வைத்துக்கொண்டு கல்லா ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று கேட்ட கதை. நான் சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னேன்.

மாமா மறுத்துவிட்டார். காயின் ஓர் இடத்தில் எட்டு நாள் அசையாமல் ஊறினால்தான் ஸ்டேக்கிங்கில் சேரும். ஒன்றாகச் சேர்த்தால் எல்லாமே மறுபடி முதலிலிருந்து ஊற வேண்டும். "எட்டு நாள் அம்பு சாம்பலா இருக்குமேம்மா."

"ஒவ்வொரு தடவை கரண்ட் போறப்பவும் பதினோரு மணி நேரம் சாம்பலாத்தானே மாமா இருக்கு? இந்த வருஷத்துல மட்டும் இருபது தடவை போயிருக்கு. கூட்டிப் பாருங்க, எட்டு நாளைத் தாண்டிடுச்சு."

"அது தானா நிக்கறது. இது நாமளா நிறுத்தறது."

பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இப்படிப் பையை எடுத்துக்கொண்டு போன நாட்களை எண்ணினால் அதுவே ஒரு லட்சம் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பதிப்பு வந்தது. எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் வருட முடிவு. மேசையில் கோப்புகள் மோவாய் வரைக்கும் இருந்தன. மாமா மதியம் போன் செய்து, ஆந்தை என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டார். நான் குறிப்பின் முதல் மூன்று பத்தியை ஓட்டமாகப் பார்த்துவிட்டு, வழக்கம் போலத்தான், கட்டாயம் மாற வேண்டும் என்று போட்டிருக்கிறது என்றேன். போன தடவையும் கட்டாயம் என்றுதானே போட்டிருந்தது என்றார். ஆமாம் என்றேன். மாற்றவில்லையே, ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஆகவில்லை என்றேன். அத்தோடு போனை வைத்துவிட்டோம்.

நான்காவது பத்தியை நான் படிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நல்ல காலம் பிறந்தது. நாளைக்கு நாலு விழுந்த இடத்தில் நாற்பது விழுந்தது. பிறகு நானூறு. பிறகு நிமிடத்துக்கு ஒன்று விழ ஆரம்பித்தது. காயின் விழும்போதெல்லாம் கணினி ஒரு சின்ன மணிச் சத்தம் கொடுக்கும். ஆறு வருடமாக அத்தை அதை ஒரு நாளைக்கு நாலு முறை கேட்டுப் பழகியிருந்தாள். இப்போது பேச முடியாமல் சத்தத்தை அணைக்கச் சொன்னாள். மாமா மறுத்துவிட்டார். வேலைக்குப் போகும் முன் வாசலில் நின்று பத்துத் தடவை மணிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் போவார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பையைத் தோளில் மாட்டியபடி, எங்கோ நன்றாக ஓடுகிற ஒரு மோட்டாரைக் கேட்கிறவர் மாதிரி நிற்பார்.

எப்படி மாமா இவ்வளவு என்று கேட்டேன். நிறையப் பேர் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்றார். "கூட்டம் குறைஞ்சா வரிசை வேகமா நகரும். அவ்வளவுதான்." இணைப்புகள் எட்டு இருந்த இடத்தில் இரண்டுதான் காட்டியது. அதையும் கவனித்திருந்தார். ரெண்டு இருந்தாலே போதும் என்றார்.

நாற்பத்தோராவது நாள் காலை லட்சம் ஆனது. எனக்குப் போன் வந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். அத்தை ஈரக் கையோடு பின்னறையில் நின்றிருந்தாள். மாமா எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். சட்டை போட்டுக்கொண்டு போய், சனிக்கிழமைப் பேருந்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். கம்பெனியில் பத்து நாள் விடுப்புக் கேட்டதற்கு, அவருடைய அதிகாரி வேலையை விடுவதாக நினைத்து உட்கார வைத்துச் சமாதானம் பேசினாராம். அத்தை பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். இருவரும் சேர்ந்து போகும்போது மட்டும் எடுக்கிற பெட்டி, பல வருடமாக மூடியே கிடந்தது. அதன் பூட்டுக்கு எண்ணெய் போட்டது மாமாதான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும். பேத்திக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, காயினிலேயே ஏதாவது வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, புதிதாக விழுந்த காயினிலிருந்து ஐந்நூறை எடுத்து, விற்கிற இணையதளத்துக்கு அனுப்பினார். ஒரு கிலுகிலுப்பையும் ஒரு கவுனும் வாங்கலாம். மறுநாள் வரைக்கும் அது போய்ச் சேரவில்லை. "ஆந்தைக்கு ரெண்டு வரி எழுதிக் கேளும்மா," என்றார்.

எழுதினேன். அரை மணியில் பதில் வந்தது. அப்படி ஒரு பரிமாற்றமே நடக்கவில்லை, உங்கள் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தின் எண் என்ன என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பதிப்பு என்று கேட்டார். சொன்னேன். அடுத்த பதில் வர வெகு நேரம் ஆனது. அதில் ஆந்தை முதலில் மன்னிப்புக் கேட்டிருந்தார். பிறகு, நான்காவது பத்தியைப் படித்தீர்களா என்று கேட்டிருந்தார்.

இப்போது படித்தேன். குறிப்பிட்ட ஒரு பக்க எண்ணிலிருந்து பதிவேட்டின் விதி மாறுகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அந்த எண்ணில் தனியாகப் பிரிந்துவிடுவார்கள். அவர்களுடைய பதிவேடு தனியே நீளும். அதில் வருகிற காயின் எங்கும் செல்லாது. எல்லோரும் மாறிவிட்டார்கள், மாமாவைத் தவிர. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. வரிசை வேகமாக நகர்ந்தது. ஏனென்றால் வரிசையில் வேறு யாருமே இல்லை.

வியாழக்கிழமை மதியம். மாமா ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் வேலையாக இருந்தார். படி ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்ததே அந்த லிஃப்டைத்தான். மொட்டை மாடிக்கு மேலே இருந்த மோட்டார் அறையில், கிரீஸ் படிந்த கையோடு குந்தியிருந்தார். மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து, "என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான்காவது பத்தியை நான் படிக்காததையும் சொன்னேன். அவர் திருகிக்கொண்டிருந்த போல்ட்டை முழுக்கத் திருகி முடித்தார். துணியில் கை துடைத்தார்.

"அப்ப அந்த லட்சம்?"

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு மாமா. வேற எங்கயும் இல்லை."

"ஒரு ஆள் கூடவா அந்தப் பக்கம் இல்லை?"

"ரெண்டு இணைப்பு இருந்துச்சே, அவங்கதான். அணைக்க மறந்துட்டு ஊருக்குப் போனவங்களா இருக்கும்னு ஆந்தை சொல்லுது."

மாமா மோட்டாரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நாப்பத்தொரு நாளும் நிக்கவே இல்லையே," என்றார்.

"நிக்கலை."

"ஆளே இல்லாத கட்டடத்துல லிஃப்ட் மேலயும் கீழயும் போய்க்கிட்டு இருந்திருக்கு."

நான் படித்துச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றேன். அவர் எழுந்து, பையின் கம்பிக் காதைத் தோளில் மாட்டியபடி, "படிச்சுச் சொல்லியிருந்தாலும் நான் மாத்தியிருக்க மாட்டேன்மா," என்றார். உண்மைதான். மாற்றியிருக்கவே மாட்டார். அதுதான் எரிச்சல். பழியைக்கூட ஒழுங்காகச் சுமக்க விடாத மனிதர்.

கீழே வர லிஃப்டில் ஏறினோம். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கீழே போனோம். மேலே போனோம். மறுபடி கீழே. மூன்று தடவையும் நான் கூடவே இருந்தேன். மூன்றாவது தடவை கதவு திறந்ததும், "சரியாயிடுச்சு," என்றார். லிஃப்டைத்தான் சொன்னார்.

அத்தையிடம் அவரேதான் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. லட்சம் ஆகவில்லை, அதனால் போக வேண்டியதில்லை என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஏனென்றால் ஆந்தை ஓர் ஆறுதல் வார்த்தையும் எழுதியிருந்தார். உண்மையான பதிவேட்டில் மாமாவின் ஐம்பத்தெட்டாயிரமும் பத்திரமாக இருக்கிறது. நாற்பத்தொரு நாள் அசையாமல் கிடந்ததால் ஒன்பதாயிரம் துண்டும் நன்றாக ஊறியிருக்கின்றன. புதிய பதிப்பில் திறந்தவுடன் நல்லபடியாக வேலை செய்யும். மாமா மாதிரியான ஆளை வீட்டில் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு கிடையாது. மொழிபெயர்த்துச் சொல்லாமல் விடலாமா என்றுகூட யோசித்தேன். ஏற்கனவே ஒரு பத்தியை விட்டதால் வந்த வினை போதும் என்று நினைத்து, அதையும் சொல்லிவிட்டேன்.

மாமாவின் கண் மெல்லப் பின்னறைப் பக்கம் போனது. அத்தை அதைப் பார்த்தாள்.

"லட்சமோ லொட்டையோ, சனிக்கிழமை பத்து மணிக்கு பஸ்," என்றாள். "ரெண்டு டிக்கெட் இருக்கு. நீங்க வரலைன்னா உங்க சீட்டுல என் பெட்டி உக்காந்து வரும். அது கசங்காம வரும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரும் நானுமாகப் புதிய பதிப்பை ஏற்றினோம். முதல் தடவை என்பதால் பதினாறு மணி நேரம் ஆகலாம் என்று ஆந்தை எழுதியிருந்தார். சனிக்கிழமை காலை எட்டரைக்கு நான் போனபோது திரையில் பட்டை முக்கால்வாசி நிரம்பி, அம்பு சாம்பலாக இருந்தது. அத்தை இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவின் சட்டையோடு பிளக்குக்கு முன்னால் நின்றாள். மாமா பட்டையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கையை நீட்டிச் சட்டையை வாங்கி அப்படியே போட்டுக்கொண்டார்.

"பேத்தி முதல் முதல்ல பாக்கப் போறது இந்தக் கோலத்தையா?" என்றாள் அத்தை.

"அவளே கசங்கித்தான் இருப்பா," என்றார் மாமா.

அவர் போனார். பத்து நாள் என்று போனவர் பதினாறு நாள் இருந்தார். மகளின் அடுக்குமாடியில் லிஃப்ட் ஒரு மாதிரி முனகுகிறது என்று சொல்லி, யாரும் கேட்காமலே அதைச் சரிசெய்தாராம். நடுவில் பேத்தி நடக்கத் தொடங்கினாள். நான் தினமும் அலுவலகம் முடிந்து போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் நாள் மதியம் அம்பு பச்சையானது. செய்தி அனுப்பினேன். நான்காம் நாள் தெருவுக்கே மின்சாரம் போய், அது மறுபடி சாம்பலானது. அதற்கு அடுத்த நாளும் போனது. பிறகு இணைய இணைப்பும் போனது. வந்து பார்ப்பதாகச் சொன்ன கம்பெனிக்காரர்கள் வரவில்லை. பன்னிரண்டு நாள் அம்பு சாம்பலாகவே கிடந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் மாமா போனில், "அங்க எப்படிம்மா இருக்கு?" என்றார். பேத்தி எத்தனை அடி நடக்கிறாள் என்று கேட்டேன். "ஏழு," என்றார். பிறகு ஏழு அடியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது. நாளைக்கு நாலு. ஒன்பதாயிரம் துண்டையும் இன்னும் சேர்க்கவில்லை. மொபைல் வாலட் அடுத்த காலாண்டில் வருகிறது. மாற்றம் என்று சொல்லப்போனால் ஒன்றுதான். பெட்டி பரண் மேல் ஏறவில்லை, கட்டிலுக்கடியில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை வெளியே வருகிறது. நான்காவது பத்தியை நான் இப்போதெல்லாம் இரண்டு முறை படிக்கிறேன். ஆந்தை பல குறிப்புகளில் நான்காவது பத்தியே எழுதுவதில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் சாம்பல் அம்புக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அந்தச் சனிக்கிழமை காலை அவர் கேட்ட ஒன்று. அத்தை டாக்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமா வாசல்வரை போய், திரும்பி வந்து, வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். கசங்கிய சட்டையின் காலரை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்னறைப் பக்கம் பார்க்காமல்தான் பேசினார்.

"பச்சையாச்சுன்னா ஒரு வரி அனுப்பும்மா. ஆகலைன்னா, இல்லை, ஆகி அப்புறம் நின்னு போச்சுன்னா, நான் திரும்பி வர்ற வரைக்கும் எங்கிட்ட சொல்லாத. நானா கேட்டாலும் சொல்லாத."